லைசென்ஸ் இருக்கு, சரக்கு இல்ல: ஒரு மருந்து ஸ்டாக்கிஸ்ட் மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்ச விதம் (நிகழ்வு ஆய்வு)

இந்த வருஷம் ரெண்டு பேர் தனித்தனியா வந்து ஒரே கேள்விய கேட்டாங்க. ஹோல்சேல் மருந்து லைசென்ஸ் வாங்கியாச்சு, குடோன் ரெடி, ஆனா பெரிய கம்பெனி எதுவும் சரக்கு குடுக்கல, என்ன பண்றது சார்னு. ரெண்டு பேருக்கும் நான் பழைய கேஸ் ஒண்ணத்தான் சொன்னேன், 2015 கடைசில ஆரம்பிச்சு 2018 வரைக்கும் நான் கூடவே இருந்து பார்த்தது. வரி கணக்கு பாக்குறது என் தொழில், வக்கீல் இல்ல. சம்பந்தப்பட்ட தம்பதி சம்மதிச்சதாலதான் எழுதுறேன், ஊர் பேரு, கம்பெனி பேரு, மருந்து வணிகர் சங்கத்து பேரு எதுவும் வராது. தென் மாவட்டத்துல ஒரு நடுத்தர ஊரு, அவ்வளவு போதும்.

பின்னணி

கணவர் ஒரு ஸ்டாக்கிஸ்ட் கிட்ட, அதாவது கம்பெனி சரக்க மொத்தமா வாங்கி கடைங்களுக்கு விக்கிறவர் கிட்ட, 14 வருஷம் வேலை பார்த்தவர். முதல்ல குடோன்ல பெட்டி அடுக்கினார், அப்புறம் ஆர்டர் எடுக்குற சேல்ஸ்மேன், கடைசில கலெக்ஷனும் அவர்தான். மனைவி டி.பார்ம் முடிச்சு பதிவு பண்ணின பார்மசிஸ்ட், ஒரு மெடிக்கல் ஷாப்ல நின்னுட்டு இருந்தாங்க. ஊர்ல எந்தக் கடை ஒழுங்கா பணம் கட்டும், எந்தக் கடை செக்க பவுன்ஸ் ஆக்கும்னு ரெண்டு பேருக்கும் மனப்பாடம். நகைக்கடன் வச்சு, ஒரு வாடகை இடம் பிடிச்சு, சொந்தமா ஸ்டாக்கிஸ்ட் ஆகலாம்னு முடிவு பண்ணினாங்க.

சட்டம் கேக்குறது ரொம்ப சின்ன லிஸ்ட்தான். ஹோல்சேலுக்கு ஃபார்ம் 20பி, 21பி லைசென்ஸ். இடம் குறைஞ்சது 10 சதுர மீட்டர். ஃப்ரிட்ஜ் வேணும். பொறுப்பாளரா ஒரு பார்மசிஸ்ட்டோ, இல்ல மருந்து வியாபாரத்துல அனுபவம் உள்ள ஆளோ இருக்கணும். இது எல்லாம் அவங்க கிட்ட இருந்துச்சு. டிரக் இன்ஸ்பெக்டர் வந்து இடத்த பாத்தார், ஃப்ரிட்ஜுல தெர்மாமீட்டர் இல்லன்னு ஒரு தடவ திருப்பி அனுப்பினார், அத மாட்டினதும் லைசென்ஸ் வந்துருச்சு. அரசாங்கம் போட்ட வேலி அவ்வளவுதான், நியாயமான வேலியும் கூட, மருந்த வெயில்ல வச்சு விக்கிறவன் உள்ள வரக்கூடாதுல்ல.

வெளி ஆளுங்களுக்காக இந்த வியாபாரம் ஓடுற விதத்த கொஞ்சம் சொல்லிடுறேன். கம்பெனி சரக்க சி அண்ட் எஃப் ஏஜென்ட் (கம்பெனிக்காக சரக்க வச்சிருந்து அனுப்புறவர்) கிட்ட அனுப்பும், அங்கேர்ந்து ஸ்டாக்கிஸ்ட், அங்கேர்ந்து மெடிக்கல் ஷாப். அட்டையில எம்ஆர்பி அச்சடிச்சு வந்துரும். விலைக் கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்துன்னா மார்ஜின் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு 8 சதவீதம், கடைக்கு 16 சதவீதம், மத்த மருந்துன்னா 10, 20. இதுல கடைக்கு 16ன்றது 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணையோட கணக்குலயே இருக்கு, 1 சதவீதமோ அதுக்கு மேலயோ மார்க்கெட் வச்சிருக்கிற பிராண்டுகள் கடைக்குப் போடுற விலைய எடுத்து சராசரி போட்டு அதுமேல 16 சேத்தாதான் உச்ச விலை. கட்டுப்பாட்டுல இல்லாத மருந்துக்கு 10, 20ன்றது எந்தச் சட்டத்துலயும் இல்ல, சங்கங்களும் கம்பெனிகளோட அமைப்புகளும் பேசி வச்சுக்கிட்டது, ஆனா ஊர்ல கேட்டா கவர்மென்ட் ரூல்னுதான் சொல்வாங்க.

கண்ணால பார்த்தது

2016 ஆரம்பத்துல அஞ்சு கம்பெனிய அணுகினாங்க. ரெண்டு சின்ன கம்பெனி அட்வான்ஸ வாங்கிட்டு உடனே சரக்கு போட்டாங்க, ஆனா அந்த பிராண்ட எழுதுற டாக்டர் ஊர்ல ரெண்டு பேர்தான், அத வச்சு வாடகை கூட தேறாது. மீதி மூணும் பெரிய கம்பெனி. மூணு ஏரியா மேனேஜரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே வார்த்தை: "சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்களேன்."

யாரும் என்ஓசின்னு, அதாவது ஆட்சேபணை இல்லன்னு சங்கம் குடுக்குற கடிதம்னு, சொல்லல, இத கவனிக்கணும். ஏன்னா அந்த வார்த்தைய சொன்னா என்னாகும்னு அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. 2013 பிப்ரவரிலயே அகில இந்திய மருந்து வணிகர் சங்கத்துக்கு, ஏஐஓசிடின்னு சொல்வாங்க, இதே என்ஓசி விவகாரத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் (வியாபாரத்துல போட்டிய தடுக்கிறவங்கள விசாரிக்கிற அரசு அமைப்பு) 47.40 லட்சம் அபராதம் போட்டுச்சு. 2014 ஜனவரி 31ம் தேதி ஆணையம் ஒரு பொது அறிவிப்பே குடுத்துச்சு, ஸ்டாக்கிஸ்ட் நியமிக்க சங்கத்தோட என்ஓசி கேக்குறது, மார்ஜின சங்கம் முடிவு பண்றது, புது மருந்து வந்தா சங்க புல்லட்டின்ல போட கட்டணம் கட்டியே ஆகணும்னு சொல்றது, சொன்னத கேக்காத கம்பெனியோட சரக்க புறக்கணிக்கிறது எல்லாம் போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு. அதே வருஷம் மார்ச்ல மேற்கு வங்க சங்கத்துக்கும் அதன் நிர்வாகிகளுக்கும் சேர்த்து 18.38 கோடி. நிர்வாகிகளோட சொந்த வருமானத்தையும் கணக்குல எடுத்தாங்கன்றதுதான் அதுல முக்கியம், வெறும் சங்கத்து சந்தா கணக்க வச்சு அபராதம் போட்டா அது யாருக்கும் வலிக்காது.

ஆக பேப்பர்ல இருந்த என்ஓசி செத்துப் போச்சு, வாய் வார்த்தையா மட்டும் உயிரோட இருந்துச்சு.

கணவர் சங்க ஆபீசுக்குப் போனார், நானும் கூடப் போனேன். தலைவர் அண்ணாச்சி நல்லாதான் பேசினார், காபி வாங்கிக் குடுத்தார். "தம்பி, உன்ன வேணாம்னு சொல்லல. அந்த கம்பெனிக்கு ஏற்கனவே மூணு பேர் இருக்காங்க. அவங்க கிட்ட பேசி சம்மதம் வாங்கிட்டு வா, நாங்க எதுக்கு குறுக்க நிக்கப் போறோம்?" அந்த மூணு பேர்ல ஒருத்தர் அண்ணாச்சியோட மச்சான், இன்னொருத்தர் இவர் 14 வருஷம் வேலை பார்த்த பழைய முதலாளி. கிளம்பும்போது செயலாளர் கட்டட நிதின்னு ஒரு தொகைய காதுல போட்டார், பெரிய தொகைதான். ரசீது உண்டான்னு நான் கேட்டேன், சிரிச்சார்.

அவங்க தரப்பையும் எழுதணும், ஏன்னா முழுக்க பொய் இல்ல. ஒரே பிராண்டுக்கு ஏழெட்டு ஸ்டாக்கிஸ்ட் இருந்தா ஒவ்வொருத்தன் கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் சரக்கு தேங்கி எக்ஸ்பயரி ஆகும், கம்பெனி எக்ஸ்பயரி ரிட்டர்ன் எடுக்க இழுத்தடிக்கும், எவனாவது ஒருத்தன் கிரெடிட்ட அள்ளி விட்டு எல்லாரோட கலெக்ஷனையும் கெடுப்பான், பில் இல்லாத சரக்கு உள்ள நுழையும். எல்லாம் நிஜமாவே நடக்கிற விஷயம்தான். ஆனா தரத்த பாக்க டிரக் இன்ஸ்பெக்டர் இருக்கார், எத்தனை ஸ்டாக்கிஸ்ட் தேவைன்னு கணக்கு போட கம்பெனி இருக்கு. ஏற்கனவே கடை போட்டவன் கிட்ட போய் பக்கத்துல கடை போடலாமான்னு கேட்டா என்ன பதில் வரும்?

இங்கதான் எனக்கு ஒரு குழப்பம் இருந்துச்சு, ரொம்ப நாள் விளங்கல. சரக்கு விக்க இன்னொரு ஆள் கிடைக்கிறது கம்பெனிக்கு லாபம்தானே, அவன் ஏன் சங்கத்துக்கு பயப்படணும்? மனைவிதான் ஒரு வரில சொன்னாங்க: "சார், ரெண்டாவது ஸ்டாக்கிஸ்ட் வந்தா ஊர்ல காய்ச்சல் ஜாஸ்தி ஆகாது." அதேதான். எந்த பிராண்ட் ஓடும்னு டாக்டரோட சீட்டு முடிவு பண்ணுது, ஸ்டாக்கிஸ்ட் இல்ல. புது ஆள சேர்த்தா கம்பெனிக்கு கூடுற வியாபாரம் கொஞ்சம். ஆனா சங்கம் முகத்த சுளிச்சு பதினஞ்சு நாள் ஆர்டர் நிறுத்தினா ஏரியா மேனேஜரோட அந்த மாச டார்கெட் காலி, அவர் இன்சென்டிவ் காலி. லாபம் ஹெட் ஆபீசுக்கு, அதுவும் சொற்பம், அடி விழறது மொத்தமும் ஏரியா மேனேஜர் தலைல. அவர் இடத்துல நான் இருந்தாலும் "சங்கத்துல சொல்லிட்டு வாங்க"ன்னுதான் சொல்லிருப்பேன்.

எடுத்த முடிவு, அதுக்கான காரணம்

மூணு வழி இருந்துச்சு. முதல் வழி கட்டட நிதிய கட்டி, பழைய முதலாளி கால்ல விழுந்து சம்மதம் வாங்குறது. கணவருக்கு ஒரு கட்டத்துல அதுவே மேல்னு தோணிச்சு, நகைக்கடன் வட்டி மாசாமாசம் ஓடுதுல்ல. மனைவி ஒத்துக்கல. பணம் கட்டினா இந்த கம்பெனிக்கு சரி, அடுத்த கம்பெனிக்கு மறுபடி கட்டணும், அப்புறம் நாமளும் அந்த மூணு பேரோட நாலாவதா உக்காந்து அஞ்சாவது ஆளுக்கு கதவ சாத்தணும்னாங்க.

ரெண்டாவது வழி நேரா போட்டி ஆணையம். நான் அந்த ஜோஷ்லதான் இருந்தேன். போட்டிச் சட்டத்தோட 19வது பிரிவுல யார் வேணும்னாலும் தகவல் குடுக்கலாம், தனிநபருக்கு ஃபீஸ் 5,000 ரூபாய்தான். ஆனா நடைமுறைய உக்காந்து படிச்சதும் வேகம் குறைஞ்சது. ஆணையம் முதல்ல முகாந்திரம் இருக்கான்னு பாக்கும், இருந்தா 26வது பிரிவுல டைரக்டர் ஜெனரல விசாரிக்கச் சொல்லும், அவர் அறிக்கை, அதுக்கு ஆட்சேபம், விசாரணை, உத்தரவு, அப்புறம் அப்பீல். வருஷக்கணக்குல போகும். அபராதம் விழுந்தாலும் அது அரசாங்கத்துக்குப் போகும், நமக்கு நஷ்ட ஈடு வேணும்னா தீர்ப்பு வந்தப்புறம் தனியா மேல்முறையீட்டு மன்றத்துக்கு மனு போடணும். எல்லாத்துக்கும் மேல நம்ம கிட்ட ஆதாரம் என்ன இருக்கு? ஒரு காபி, ஒரு சிரிப்பு. புகார் குடுக்குறவர் பேர ரகசியமா வைக்கச் சொல்லி ஆணையத்துல கேக்க முடியும், ஆனா அந்த ஊர்ல அந்த வருஷம் புதுசா ஸ்டாக்கிஸ்ட் ஆக முயற்சி பண்ணினது இவங்க மட்டும்தான், அப்புறம் என்ன ரகசியம்.

மூணாவது வழிதான் எடுத்தோம். வாய் வார்த்தைய பேப்பருக்குக் கொண்டு வர்றது. மூணு கம்பெனியோட ஹெட் ஆபீசுக்கும் பதிவுத் தபால், சேல்ஸ் பிரிவுக்கு இல்ல, சட்டப் பிரிவுக்கும் கம்பெனி செக்ரட்டரிக்கும். லைசென்ஸ் நம்பர், குடோன் அளவு, பேங்க் விவரம், எவ்வளவு அட்வான்ஸ் கட்டத் தயார்னு எல்லாம் போட்டுட்டு கடைசில ரெண்டே வரி: நியமிக்க முடியாதுன்னா காரணத்த எழுத்துல சொல்லுங்க, உள்ளூர் சங்கத்தோட ஒப்புதல் உங்க நிபந்தனையான்னும் எழுத்துல சொல்லுங்க. 2014 பொது அறிவிப்பு காப்பி ஒண்ணு இணைப்பு.

நான் எழுதின முதல் டிராஃப்ட்ல "சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்" மாதிரி வாசகம் நாலு இடத்துல இருந்துச்சு. கணவர் பேனாவ எடுத்து எல்லாத்தையும் அடிச்சுட்டார். நாளைக்கு அதே கம்பெனி கூட தொழில் பண்ணணும் சார், மிரட்டினவன் கூட எவன் கிரெடிட்ல தொழில் பண்ணுவான்னார். அவர் அடிச்சது சரின்னு இப்பவும் நினைக்கிறேன்.

இந்த லெட்டர் வேலை செய்யும்னு நம்பினதுக்கு காரணம் ஒண்ணுதான். கம்பெனிங்கறது ஒரே ஆள் இல்ல. ஏரியா மேனேஜருக்கு சங்கத்து மேல பயம், சட்டப் பிரிவுக்கு ஆணையத்து மேல பயம். முதல் பயத்த விட ரெண்டாவது பயம் பெருசா இருக்கிற மேஜைக்கு கேள்விய நகர்த்தணும்.

நடந்தது

மூணு வாரம் சத்தமே இல்ல. அப்புறம் முதல் கம்பெனி ஏரியா மேனேஜர் போன்ல கத்தினார், ஹெட் ஆபீஸ்ல என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களேன்னு. கணவர் பதில் பேசாம கேட்டுக்கிட்டார். பத்து நாள்ல அந்த கம்பெனியோட ஒரு டிவிஷனுக்கு மட்டும் நியமனக் கடிதம் வந்துச்சு, சுகர், பிரஷர் மாத்திரை உள்ள டிவிஷன், மாசம் தவறாம ஓடுற சரக்கு.

ரெண்டாவது கம்பெனி எழுத்துல பதில் போட்டுச்சு, இப்ப இருக்கிற ஸ்டாக்கிஸ்ட்டுகளே போதும், தேவைப்பட்டா கூப்பிடுறோம்னு. படிச்சதும் எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா அது அவங்க உரிமை. ஒரு கம்பெனி தானா யோசிச்சு எத்தனை டீலர் வேணும்னு முடிவு பண்ணினா அதுல தப்பு இல்ல, போட்டியாளருங்க கூட்டா சேர்ந்து அந்த முடிவ எடுக்க வச்சாத்தான் போட்டிச் சட்டத்தோட 3வது பிரிவு வரும். உண்மையில எது நடந்துச்சுன்னு வெளியேர்ந்து பாக்குறவனுக்குத் தெரியாது, அந்தச் சட்டத்தோட கஷ்டமே அதுதான். மூணாவது கம்பெனி இன்னைக்கு வரைக்கும் பதில் போடல.

சரக்கு வந்த பிறகு அடுத்த அடி. டவுன்ல இருக்கிற கடைங்க வாங்கல. யாரும் தடை உத்தரவு போடல, "பழைய பில்லு பாக்கி இருக்குண்ணே, அவர் சங்கடப்படுவார்"னு ஒவ்வொருத்தரும் ஒரு சாக்கு. முதல் மூணு மாசம் விக்கிறதுக்கு இடம் இல்லாம கணவர் எக்ஸ்எல் வண்டில பெட்டிய கட்டிக்கிட்டு சுத்துப்பட்டு கிராமத்து கடைங்களுக்குப் போனார். போன பிறகுதான் தெரிஞ்சுது, அந்தக் கடைங்களுக்கு பழைய ஸ்டாக்கிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள்தான் டெலிவரி, ஒரு ஸ்ட்ரிப் குறைஞ்சா அடுத்த நடை வரைக்கும் காத்திருக்கணும், கிரெடிட்டும் ஒரு வாரத்துக்கு மேல கிடையாது. இவர் தினமும் போனார், மூணு வாரம் டைம் குடுத்தார். ஆறு மாசத்துல பழைய ஸ்டாக்கிஸ்ட்டும் தினசரி வண்டி விட ஆரம்பிச்சுட்டார், பத்து வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு கம்பெனி குடுக்குற ஸ்கீம முன்னாடி தானே அமுக்கினவர் இப்ப கடைக்கும் பாஸ் பண்றார். அதுக்கப்புறம்தான் டவுன் கடைங்க இவர் கிட்ட விலை கேக்க ஆரம்பிச்சாங்க.

ஒரு விஷயத்துல நான் முழுசா தப்பா கணிச்சிருந்தேன். போட்டி வந்தா நோயாளிக்கு விலை குறையும்னு நினைச்சேன். குறையல. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு கடை பில்லுல 10 சதவீதம் தள்ளுபடி போட ஆரம்பிச்சுது, மத்ததெல்லாம் எம்ஆர்பிதான். ஏன்னா இங்க வந்த போட்டி ஒரே பிராண்ட விக்கிற ரெண்டு ஸ்டாக்கிஸ்ட்டுக்கு நடுவுல, அதோட பலன் கடைக்காரர் கிட்ட கிரெடிட்டாவும் ஸ்கீமாவும் நின்னு போச்சு. நோயாளி பிராண்ட தேர்ந்தெடுக்கறது இல்ல, காய்ச்சலோட கடை கடையா ஏறி விலை கேக்கவும் மாட்டார். கிராமத்துக்காரருக்கு கிடைச்ச லாபம் வேற, மாத்திரை அன்னைக்கே கிடைச்சுது, டவுனுக்கு பஸ் ஏற வேணாம். ரூபாய்ல அத எழுத முடியல, ஆனா சின்ன லாபம் இல்ல.

நஷ்டமும் உண்டு. மூணு வாரம் கிரெடிட் குடுத்ததுல ஒரு கடைக்காரர் சரக்க வாங்கிட்டு ஷட்டர இறக்கிட்டு ஊர விட்டே போயிட்டார். அண்ணாச்சி முதல் நாளே சொன்ன "கிரெடிட்ட அள்ளி விடுவான்" இவரையே வந்து கடிச்சுது.

2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப எல்லாரும் ஜூன்லயே சரக்க குறைச்சுட்டாங்க, இவர் கிட்ட ஸ்டாக் கம்மி, அதனால பெரிய அடி இல்ல. அந்த சமயம் சங்கம் கூட்டம் போட்டு எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டி பில்லுல ஒவ்வொரு சரக்குக்கும் போடுற நம்பர்), பழைய ஸ்டாக்குக்கு வரி கிரெடிட் எடுக்குறது எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, உண்மையிலேயே உருப்படியான கூட்டம், நானே போய் நோட்ஸ் எடுத்தேன். எக்ஸ்பயரி ரிட்டர்ன் விஷயத்துலயும் தனி ஆளா கம்பெனி கிட்ட கேட்டா நடக்காதது சங்கம் கேட்டா நடக்குது. 2018ல கணவர் சங்கத்துல மெம்பர் ஆயிட்டார். அண்ணாச்சிதான் ஃபார்ம் குடுத்தார், ரசீதும் குடுத்தார்.

இன்னொரு தடவ பண்ணினா மாத்திக்கிறது

வரிசைய மாத்தணும். இவங்க முதல்ல நகைக்கடன், அப்புறம் வாடகை, அப்புறம் லைசென்ஸ், கடைசில கம்பெனி. வட்டி ஓடுறவனுக்கு காத்திருக்க தெம்பு இருக்காது, காத்திருக்க முடியாதவன்தான் கட்டட நிதி கட்டுவான். குறைஞ்சது ஒரு நல்ல கம்பெனியோட விருப்பக் கடிதம் கைல வந்தப்புறம் கடன் வாங்குங்க.

முதல் நாள்லேர்ந்து ஒரு நோட்டு போட்டு தேதி, நேரம், யார், என்ன சொன்னாங்கன்னு எழுதி வைக்கணும். நாங்க ரெண்டு மாசம் கழிச்சு ஞாபகத்துலேர்ந்து எழுதினோம், அதுல பாதி தேதி சந்தேகம். ஏரியா மேனேஜர் சங்கத்துல சொல்லச் சொன்ன அன்னைக்கே, "சார், இன்னைக்கு பேசினதுல சங்கத்துல சொல்லிட்டு வரச் சொன்னீங்க, புரிஞ்சது சரிதானே"ன்னு ஒரு மெயில் தட்டியிருந்தா லெட்டரோட கனமே வேற. பதில் வரலன்னாலும் அது ஒரு பதிவு.

லெட்டர் பலிக்கலன்னா ஆணையம்னு வச்சது சரி, ஆனா கெடு போட்டு வச்சிருக்கணும், அறுபது நாள்ல பதில் வரலன்னா மனுன்னு. மூணாவது கம்பெனிக்கு நாங்க அத செய்யல, சோம்பேறித்தனம்தான், ஒரு டிவிஷன் கிடைச்சதும் மூணு பேரும் அப்படியே விட்டுட்டோம். அப்ப காலக்கெடு எதுவும் கிடையாது, போட்டிச் சட்டத்தோட 2023 திருத்தத்துக்கு அப்புறம் விவகாரம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள ஆணையத்துக்குத் தகவல் குடுக்கணும்னு வந்துருச்சு. அதே திருத்தத்துல இன்னொண்ணும் இருக்கு, அதே தொழில்ல போட்டியாளரா இல்லாதவங்களும் அந்த கூட்டு ஏற்பாட்டுக்குத் துணை போனா அதுல ஒரு பங்காளியா எடுத்துக்க முடியும். ஹெட் ஆபீசுக்கு லெட்டர் எழுதும்போது இந்த ஒரு வரிய சேர்த்துக்கலாம்.

இந்த வருஷம் வந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இதே மாதிரி லெட்டர் எழுதி அனுப்பியாச்சு. கெடுவ இந்த தடவ நானே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.